முதுகில் வட்ட வட்டமாய்த் தடம்... கப்பிங் சிகிச்சை உடல்வலியைத் தீர்க்குமா? கரிசல் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

தை பிறந்தால் கரிசல் காட்டில் அறுவடை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எனத் தொடங்கி பருத்தி, மிளகாய் என்று பங்குனி வரை காட்டு வேலை ஓயாது. ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ் வேலை வருஷம் முழுக்க இருக்கும். குனிந்தே செய்யும் வேலை ஒன்று, உட்கார்ந்தே செய்யும் வேலை இன்னொன்று. இரண்டிலும் சாயங்காலம் ஒரே பேச்சுதான்: "இடுப்பு விட்டுப்போச்சு, கழுத்தைத் திருப்ப முடியல."

இந்த வலிக்கு இங்கே பழகிய வைத்தியங்கள் பல. வெந்நீர் ஒத்தடம், தைலம், சுளுக்கு எடுப்பது, மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை, "ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்ற நம்பிக்கை. இந்த வரிசையில் இப்போது சேர்ந்திருப்பது கப்பிங் சிகிச்சை. பெருநகரங்களில் விளையாட்டு வீரர்களும் உடற்பயிற்சி செய்பவர்களும் நாடிய இந்த முறை, ஹிஜாமா, அக்குபஞ்சர் மையங்கள் வழியாகவும் வாட்ஸ்அப் வீடியோக்கள் வழியாகவும் சிறு நகரங்கள் வரை வந்துவிட்டது. "கெட்ட ரத்தம் வெளியேறும்", "மாத்திரையே வேண்டாம்" என்ற விளம்பரங்களும் கூடவே வருகின்றன.

உண்மையில் கப்பிங் என்ன செய்கிறது? அதில் பலன் உண்டா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருவதற்கு முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

கப்பிங் என்றால் என்ன?

கண்ணாடி, மூங்கில் அல்லது பிளாஸ்டிக் குவளையைத் தோலின் மேல் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைப்பதுதான் கப்பிங். சீன மருத்துவத்தில் இதன் பெயர் பாகுவான். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைப் பற்றவைத்து ஒரு நொடி குவளைக்குள் காட்டி எடுத்துவிட்டு, உடனே முதுகில் கவிழ்ப்பார்கள். சூடான காற்று ஆறும்போது சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். தோலும் அதன் அடியில் உள்ள சதையும் குவளைக்குள் மேலெழும்பும். இப்போது பல இடங்களில் நெருப்புக்குப் பதிலாகக் கையால் இழுக்கும் சிறிய பம்ப் பயன்படுகிறது. குவளை சில நிமிடங்கள் அப்படியே இருக்கும்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. உலர் கப்பிங் என்பது வெறுமனே உறிஞ்சுவது. ஈரக் கப்பிங் என்பது தோலில் பிளேடால் லேசாகக் கீறி, அதன் மேல் குவளையை வைத்து ரத்தத்தை வெளியே இழுப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபத்துகளில் பெரும்பங்கு இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

இது சீனாவிலிருந்து வந்த வைத்தியமா?

இன்று உலகம் இதைச் சீன மருத்துவமாகவே அறிகிறது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் கருஞ்சிவப்பு வட்டங்களோடு குளத்தில் இறங்கியபோது, அது என்ன என்று உலகமே தேடியது. சீனாவில் 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் கோ ஹோங்கின் நூலில் விலங்குக் கொம்பை வைத்து உறிஞ்சும் முறை பேசப்படுகிறது.

ஆனால் உறிஞ்சி எடுக்கும் வைத்தியம் சீனாவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆயுர்வேதத்தின் சுஸ்ருத சம்ஹிதையில் ரத்தம் எடுக்க மூன்று கருவிகள் சொல்லப்படுகின்றன: கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை. யுனானி மருத்துவத்தில் இதன் பெயர் ஹிஜாமா. மருந்தில்லாமல் செய்யும் சிகிச்சைகளில் ஒன்றாக அங்கே இது கற்பிக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவங்களில் உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் ஆகியவை உண்டு. வாயுப் பிடிப்பு என்று சொல்லி, சிறு தீபத்தை ஏற்றி அதன்மேல் டம்ளரைக் கவிழ்க்கும் வீட்டு வைத்தியத்தைப் பார்த்த பெரியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒவ்வொரு மரபும் தன் விளக்கத்தைத் தருகிறது. சீன மருத்துவம் 'சி' என்ற உயிராற்றலும் ரத்தமும் தேங்கி நிற்பதைப் பற்றிப் பேசுகிறது. யுனானி, உடலில் உள்ள நான்கு திரவங்களின் சமநிலையைப் பேசுகிறது. சித்தமும் ஆயுர்வேதமும் வாத, பித்த, கபத்தைப் பேசுகின்றன. விளக்கம் மாறுகிறது, குவளை ஒன்றுதான். எனவே கேட்க வேண்டிய கேள்வி இது யாருடைய வைத்தியம் என்பதைவிட, குவளைக்கு அடியில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான்.

அந்தக் கருப்பு வட்டம் 'கெட்ட ரத்தமா'?

உறிஞ்சும் அழுத்தத்தில் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைகின்றன. ரத்தம் சுற்றிலும் கசிகிறது. கதவில் இடித்துக்கொண்டால் ரத்தம் கட்டிக் கன்னிப்போகுமே, அதே கதைதான். சில நாட்களில் இருந்து இரண்டு வாரங்களுக்குள் தடம் மங்கிவிடும். தடம் எவ்வளவு கருப்பாக இருக்கிறதோ அவ்வளவு நோய் உள்ளே இருந்தது என்று சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும்.

ஈரக் கப்பிங்கில் குவளைக்குள் கருஞ்சிவப்பாக, கட்டி கட்டியாக ரத்தம் சேரும். "பாருங்க, எவ்வளவு கழிவு!" என்று அதைக் காட்டுவார்கள். நுண் குழாய்களில் இருந்தும் சிரைகளில் இருந்தும் வரும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறைந்து கட்டியாவது அதன் இயல்பு. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அப்படித்தான் உறையும். உடலின் கழிவை வடிகட்டும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. முதுகில் போடும் கீறல் கழிவை மட்டும் பிரித்து எடுக்காது. ரத்தம் மொத்தமாகத்தான் வெளியேறும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கப்பிங் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. தரம்தான் பிரச்சினை. 2012-ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வெளியான ஒரு தொகுப்பு, 1992 முதல் 2010 வரை வந்த 135 சோதனைகளை அலசியது. சில நோய்களில், குறிப்பாகப் பிற சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்யும்போது, பலன் இருக்கலாம் என்று அது சொன்னது. பெரும்பாலான சோதனைகள் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடிய வகையில் நடத்தப்பட்டவை என்பதையும் அதுவே சுட்டிக்காட்டியது.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது? மாத்திரையைச் சோதிக்க, அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரையைப் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். முதுகில் குவளை வைத்தால் வைத்தது நோயாளிக்குத் தெரிந்துவிடும். 'நமக்கு ஏதோ செய்கிறார்கள்' என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைக்கும்.

இதைத் தாண்ட ஜெர்மனியில் ஒரு குழு வழி கண்டது. உடல் முழுக்க வலி பரவும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு உண்மையான கப்பிங், இன்னொரு பகுதியினருக்குச் சிறு ஓட்டை போட்ட குவளை, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்று பிரித்தார்கள். ஓட்டைக் குவளையில் உறிஞ்சும் அழுத்தம் நிற்காது. 2016-ல் முடிவு வெளியானது. கப்பிங் செய்துகொண்டவர்களுக்கு, எதுவும் கூடுதலாகச் செய்யாதவர்களைவிட வலி குறைந்திருந்தது. ஆனால் ஓட்டைக் குவளையோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதை வைத்து 'எல்லாமே ஏமாற்று' என்று சொல்லிவிட முடியாது. ஒரு நோயில் நடந்த ஒரு சோதனை அது. அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ ஆய்வு மையமும் இதே நிதானத்தோடுதான் பேசுகிறது: வலியைக் குறைக்க கப்பிங் உதவலாம், ஆனால் அதற்கான ஆதாரம் வலுவாக இல்லை.

"எனக்கு சரியாச்சே" என்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. அனுபவம் உண்மைதான். காரணம் வேறாக இருக்கலாம். உறிஞ்சும்போது இறுகிய சதை இழுபடுகிறது, அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடுகிறது, ஒத்தடம் கொடுத்த சுகம் கிடைக்கிறது. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதே பருத்தி எடுத்துவிட்டு வந்தவருக்குப் பெரிய ஓய்வு. இன்னொரு விஷயம், சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் வைத்தியத்துக்குப் போவார். பிறகு குறைந்ததற்கு வைத்தியம்தான் காரணமா, நாள் கடந்ததுதான் காரணமா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

சுத்தமாக, பயிற்சி பெற்றவர் செய்யும் உலர் கப்பிங், ஆரோக்கியமான ஒருவரின் சதைப் பிடிப்புக்குத் தற்காலிக ஆறுதல் தரலாம். அதற்கு மேல் வாக்குறுதி கொடுத்தால் உஷாராக வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதலாவது, நெருப்பு. குவளையின் விளிம்பு சூடேறினாலோ ஸ்பிரிட் சொட்டினாலோ தோல் வெந்துவிடும். தடம் நாள்பட இருப்பது, தழும்பு, தோல் தொற்று ஆகியவையும் பதிவான பக்க விளைவுகள். சொரியாசிஸ், கரப்பான் உள்ளவர்களுக்கு அது மோசமாகலாம். தலையில் கப்பிங் செய்து மண்டைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்ட அரிதான சம்பவங்களும் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன.

இரண்டாவது, பிளேடு. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடோ, ரத்தம் பட்ட குவளையோ சரியாகக் கிருமி நீக்கப்படாமல் அடுத்தவருக்குப் போனால் ஹெபடைட்டிஸ் பி, சி போன்ற தொற்றுகள் பரவ வாய்ப்புண்டு. வெந்நீரில் அலசிவிட்டோம், டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டோம் என்பது போதாது.

மூன்றாவது அதிகம் பேசப்படுவதில்லை: ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டில் ஒருவர் என்று கணக்கு. களை எடுக்கவும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகும் பெண்களின் 'உடம்பு அசதி', 'கை கால் உளைச்சல்' பலவற்றுக்கு ரத்தம் குறைவாக இருப்பதே காரணமாக இருக்கலாம். அந்த உடம்பிலிருந்து 'கெட்ட ரத்தம்' என்று சொல்லி மறுபடி மறுபடி ரத்தம் எடுத்தால் அசதி கூடத்தான் செய்யும். அடிக்கடி ஈரக் கப்பிங் செய்துகொண்டதால் ரத்தசோகை வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு.

நான்காவது, சர்க்கரை நோய். இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணித்தது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை இருப்பவருக்குச் சின்னக் கீறலும் ஆற நாளாகும். பாதம் மரத்துப்போன ஒருவரின் காலில் கீறினால் அது புண்ணாகி, விரலை இழக்கும் நிலைவரை போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் ஆகியோரும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

'வாயுப் பிடிப்பு' என்று தள்ளிப்போட்டால்...

மிகப் பெரிய ஆபத்து குவளையில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. நெஞ்சு, இடது தோள், தாடை, முதுகு ஆகிய இடங்களில் அழுத்தும் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். "கேஸ்தான், பிடிப்புதான்" என்று கப்பிங்குக்கோ சுளுக்கு எடுக்கவோ போவது உயிரோடு விளையாடுவது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. பெரிய ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் போக வேண்டிய கரிசல் கிராமங்களுக்கு இது முக்கியமான தகவல்.

முதுகுவலியிலும் சில அறிகுறிகள் தாமதம் தாங்காது:

• கால் மரத்துப்போவது, பலம் குறைவது
• சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது
• வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது
• கீழே விழுந்த பிறகு வந்த வலி
• படுத்தாலும் குறையாமல் இரவில் கூடும் வலி

தண்டுவட நரம்பு நசுங்குவது, முதுகெலும்புக் காசநோய், எலும்பு முறிவு போன்றவை இப்படித்தான் வெளியே தெரியும்.

யார் செய்யலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆயுர்வேதம், யுனானி, சித்தா, சோவா-ரிக்பா ஆகியவை 2020-ம் ஆண்டு இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் வருகின்றன. யுனானி, சித்தா பட்டப் படிப்புகள் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியும், தென் மாவட்டங்களுக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. முறையாகப் படித்து, பதிவு பெற்ற மருத்துவருக்குப் பதிவு எண் இருக்கும்.

சீன மருத்துவத்துக்கு அப்படி ஒரு தனிப் பதிவு முறை இங்கே கிடையாது. 2019 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைத் தனி சிகிச்சை முறையாக ஏற்றது. சீன மருத்துவம் முழுவதையும் ஏற்றதாக அதற்குப் பொருள் இல்லை. சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வது வேறு, பதிவு பெற்ற மருத்துவராக இருப்பது வேறு.

விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய், புற்றுநோய், பக்கவாதம் உட்பட 54 நோய்கள் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்தையோ மந்திர வைத்தியத்தையோ விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. கப்பிங் விளம்பரத்தில் இந்த நோய்ப் பெயர்களைப் பார்த்தாலே சந்தேகப்படத் தொடங்கலாம்.

2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஆயுஷ் மருத்துவமனைகளுக்கும் மருத்துவ முகாம்களுக்கும் பொருந்தும். பயன்படுத்திய பிளேடு, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில் போக வேண்டும். ரத்தப் பஞ்சு சாதாரணக் குப்பைக் கூடையில் கிடந்தால், அந்த இடத்தின் மற்றச் சுத்தமும் அப்படித்தான் இருக்கும்.

போவதென்று முடிவு செய்தால் என்ன கேட்க வேண்டும்?

"உங்க படிப்பு என்ன, பதிவு எண் என்ன?" என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை, நோயாளியின் உரிமை. பிளேடு புதியதா, கண் முன்னால் உறையைப் பிரிக்கிறார்களா, குவளை ஒருவருக்கு மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை, பிபி, ரத்தசோகை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்டாக வேண்டும். கேட்காமலேயே சட்டையைக் கழற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். "சர்க்கரை மாத்திரையை நிறுத்திருங்க" என்று யார் சொன்னாலும், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வலி எங்கிருந்து வருகிறது?

இடுப்புவலி கரிசலுக்கு மட்டும் உரியதில்லை. 2020-ல் உலகில் 61.9 கோடி பேருக்கு அது இருந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு என்ன செய்வது என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிப் புரியவைப்பது, மசாஜ் போன்ற சில உடல் சார்ந்த சிகிச்சைகள், தேவைக்கு அழற்சி குறைக்கும் மாத்திரை என்பவை அதில் இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

உடற்பயிற்சியா? நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவருக்கு அது கேலியாகப் படலாம். ஆனால் ஒரே வாகில் உழைப்பது வேறு, இறுகிய சதையைத் தளர்த்தி, பலமில்லாத சதைக்குப் பலம் கூட்டுவது வேறு. அதைச் சொல்லித் தருபவர் பிசியோதெரபிஸ்ட். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருவது பலருக்கும் தெரியும். அதே திட்டத்தில் தேவைப்படுபவருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. கிராமச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அல்லது 104 எண்ணிலோ கேட்கலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளர்கள் தங்களுக்கு இஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்திலும் மாற்றம் வேண்டும். தரையில் சம்மணமிட்டுக் குச்சி அடுக்குபவருக்கு முதுகு சாய ஒரு பலகை, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க ஐந்து நிமிடம், களை எடுக்க நீளக் கைப்பிடி உள்ள கருவி. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஐந்து நிமிடம் எழுந்தாலும் காசு போகும் என்பதால், இதில் முதலாளிமார்களின் பொறுப்பும் இருக்கிறது.

கப்பிங் செய்துகொண்டவருக்கு அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரலாம். மறுநாள் காலையில் போய் உட்காரப்போவது அதே இடத்தில்தான். அசதியும் வலியும் விடாமல் இருந்தால், குவளைக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தின் அளவு, சர்க்கரை, பிபி ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே இவற்றுக்குக் காசு கிடையாது.